வசனம் எழுதாத நாடகம்

எங்கள் கிளப்பின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. 'எட்டு நாள் பட்டறை. மாலை ஆறு மணி. விருப்பமுள்ளவர்கள் பெயர் கொடுக்கலாம்.' எழுதியவர் 'நாடக' என்ற சொல்லை விட்டுவிட்டார். பட்டறை என்றால் நெய்வேலியில் லேத்தும் வெல்டிங்கும்தான். முதல் நாள் வந்த பதினைந்து பேரில் நாலு பேர் பிட்டர்கள். அவர்களில் ஒருவர் எழுந்து, இந்த சர்டிபிகேட் பிரமோஷனுக்குச் சேருமா என்று கேட்டார். சேராது என்று தெரிந்ததும் மற்ற மூன்று பேரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

எனக்கு அது நாடகம் என்று தெரியும். ஆனாலும் நாடக ஆசையில் நான் போகவில்லை. எழுபதுகளின் கடைசி அது. எனக்கு இருபத்துநாலு வயது. திருச்செங்கோட்டுப் பக்கத்திலிருந்து வந்து, படம் வரையும் பிரிவில் ட்ரேஸர் வேலையில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குவார்ட்டர்ஸில் என்னோடு தங்கியிருந்த இருவரும் ஷிப்ட் வேலைக்காரர்கள். நான் திரும்பும் நேரத்தில் ஒருவர் கிளம்புவார், மற்றவர் தூங்கிக்கொண்டிருப்பார். பேச ஆள் இல்லாமல் சாயங்காலங்களைக் கழிப்பது எனக்குப் பெரிய பாடாக இருந்தது.

சொல்லிக்கொடுக்க வந்தவர் மெட்ராஸ்காரர். ஒல்லியாக, தோளில் ஜோல்னாப் பையோடு இருந்தார். முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"இங்க வசனம் கிடையாது. கதை கிடையாது. பாக்க வந்தவங்க ஒரு இடம் சொல்லுவாங்க, ஒரு ஆளைச் சொல்லுவாங்க. நீங்க மேடையில நின்னு அங்கேயே உண்டாக்கணும். ரெண்டே விஷயம் ஞாபகம் வச்சுக்குங்க. கூட நிக்கிறவர் எதைச் சொன்னாலும் இல்லைன்னு சொல்லாதீங்க. அதை வாங்கிக்கிட்டு அதுக்கு மேல ஒண்ணு வைங்க. இன்னொண்ணு, கேளுங்க. மேடையில பாதிப் பேர் கேக்கறதில்லை. தன் முறை எப்ப வரும்னு காத்துக்கிட்டிருக்காங்க."

பிறகு எங்களைக் கண்ணை மூடிப் பத்து நிமிஷம் உட்காரச் சொன்னார். என்னென்ன சத்தம் கேட்டது என்று ஒவ்வொருவராகச் சொல்லவேண்டும். தூரத்து கன்வேயர் பெல்ட், யார் வீட்டுக் குக்கரோ, சைக்கிள் மணி, கேரம் காய் விழுகிற சத்தம் என்று ஆளுக்கு ஒன்று சொன்னோம். எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் முறை வந்தபோது, "எனக்கு ஒண்ணும் கேக்கலை சார். வயிறு கூப்பிடுதது மட்டும் கேக்குது" என்றார். எல்லாரும் சிரித்தோம். சொல்லிக்கொடுத்தவரும் சிரித்தார்.

அவர்தான் அண்ணாச்சி. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பத்தாறு முப்பத்தேழு வயதிருக்கும். ஸ்டோர்ஸில் கவுன்ட்டர் வேலை. மெஷின்களுக்கு வேண்டிய பேரிங், பெல்ட், போல்ட் எல்லாம் அவர் கையால்தான் வெளியே வரவேண்டும். வாயால் கேட்டால் தரமாட்டார். "சிட்டுல எழுதிக் குடு" என்பார். ரூல் பார்க்கிற மனிதர் என்று எல்லாரும் நினைத்திருந்தோம். அவ்வளவு கறாரான ஆள் நாடகத்துக்கு ஏன் வந்தார் என்று எனக்கு முதல் நாள் புரியவில்லை.

மூன்றாம் நாள் எங்கள் இருவரையும் சேர்த்து எழுப்பிவிட்டார்கள். இடம் முடி திருத்தும் கடை. அவர் கடைக்காரர், நான் வாடிக்கைக்காரன். நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். அண்ணாச்சி என் தலையை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போன வாரம் வெட்டுன தலை இது இல்லையே" என்றார்.

இல்லை என்று சொல்லக்கூடாது. வாயைத் திறந்தேன். "அது என் தம்பி தலைங்க. இன்னிக்கு அவனுக்கு வெளிய வேலை இருக்குதுங்க. அதான் என்னுதைக் கொண்டாந்தேன்."

சிரிப்பு வந்தது. என்னைப் பார்த்துப் பத்துப் பேர் சிரித்தது அதுதான் முதல் தடவை. அண்ணாச்சி அசரவில்லை. கத்திரியைக் கீழே வைக்கிற மாதிரி வைத்துவிட்டுக் கவலையோடு கேட்டார். "அப்ப மீசைய எடுக்கட்டுமா வேண்டாமான்னு யாருகிட்ட கேக்க? தலைகிட்டயா, ஒடம்புகிட்டயா?"

அன்றைக்கு அறைக்குத் திரும்பும்போது சைக்கிளை மிதித்ததே தெரியவில்லை. நான் யோசித்துச் சொன்ன வார்த்தை இல்லை அது. அவர் ஒன்றைக் கொடுத்தார், நான் வாங்கினேன், அவ்வளவுதான். ஒரு மனிதர் என் எதிரே நின்று நான் சொல்வது எதுவானாலும் அதை வீணாக்காமல் எடுத்துக்கொள்வார் என்பது எனக்கு அதுவரை பழக்கமில்லாத சந்தோஷம். வீட்டில் அப்பா அப்படி இல்லை. ஆபீஸில் யாரும் அப்படி இல்லை.

எட்டு நாள் முடிந்து மெட்ராஸ்காரர் போய்விட்டார். நாங்கள் ஏழு பேர் விடவில்லை. புதன்கிழமை தோறும் கிளப்பின் பின்னறையில் கூடிப் பழகினோம். மாதத்தில் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் மேடையில் நடத்தினோம். 'வசனம் எழுதாத நாடகம்' என்று பலகையில் எழுதிவைப்போம். முதல் மாதம் முப்பது பேர் வந்தார்கள். ஆறாவது மாதம் பெஞ்சு போதாமல் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் இரவல் வாங்கினோம்.

அண்ணாச்சியும் நானும்தான் ஜோடி என்று ஆகிப்போனது. ஒரு சனிக்கிழமை ஜனங்கள் பண்ருட்டி பஸ் ஸ்டாண்டைக் கேட்டார்கள். அவர் பலாப்பழ வியாபாரி. நான் மாமனார் வீட்டுக்குப் போகிற புது மாப்பிள்ளை. இல்லாத பழத்தை நான் தூக்க முடியாமல் தூக்கிப் பார்த்துவிட்டு, "உள்ள எத்தனை சுளைங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

"போயி எண்ணிட்டு வந்துருதேன்" என்றார். பழத்தில் ஒரு கதவு இருப்பது போலத் திறந்தார். தலையைக் குனிந்து உள்ளே போனார். கதவைச் சாத்திக்கொண்டார். ஒன்று, இரண்டு என்று உள்ளேயிருந்து எண்ணுகிற குரல். அப்புறம் நிறுத்திவிட்டார். "தம்பி, இங்க ஏற்கனவே ஒரு மாப்பிள்ளை உக்காந்திருக்காரே."

"என்ன பண்றாருங்க?"

"போன வருசம் மாமனார் வீட்டுக்குப் பழம் வாங்க வந்தவராம். போகப் பயந்துகிட்டு இங்கயே இருந்துட்டாராம். ஒமக்கும் எடம் இருக்குங்கார்."

கிளப் வாட்ச்மேன் உள்ளூர்க்காரர். முன்வரிசைக்குப் பக்கத்தில் தரையில்தான் உட்காருவார். அன்றைக்கு அவர் தலைத்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்து வெளியே போனதை மேடையிலிருந்தே பார்த்தேன். மறுநாள் என்னிடம், "வூட்டுக்குப் போயும் சிரிச்சிக்கினே இருந்தேன் சார். எம்பொண்டாட்டி பயந்துக்கினா" என்றார்.

இப்படி ஒன்றரை வருஷம் போனது. என் வாழ்க்கையில் நான் சிரித்த சிரிப்பில் பெரும்பகுதி அந்த ஒன்றரை வருஷத்தில் சிரித்ததுதான்.

பிறகு ஒரு மாதம் ஆஸ்பத்திரி க்யூ என்று ஒரு காட்சி. நான் வந்து நின்று, "டாக்டர் வந்தாச்சுங்களா?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி என்னைத் திரும்பிப் பார்த்தார். "டிராக்டரா? டிராக்டரு எதுக்குவே ஆஸ்பத்திரிக்குள்ள வருது? வெளிய நிப்பாட்டச் சொல்லும்."

நல்லதாக ஒன்றைக் கொடுக்கிறார் என்று நினைத்தேன். வாங்கிக்கொண்டேன். "வெளிய நிறுத்தினா கோவிச்சுக்குமுங்க. காய்ச்சல் வேற."

"பாய்ச்சலா? அப்ப கயித்தைப் போட்டுப் பிடியும்."

கொட்டகை அதிர்ந்தது. அதற்கடுத்த மாதமும் அப்படி ஒன்று நடந்தது. அதற்கடுத்த மாதம் இரண்டு. ஜனங்கள் அதை எதிர்பார்த்து வர ஆரம்பித்தார்கள். இடம் கேட்கும்போதே பின்னாலிருந்து யாராவது, "அண்ணாச்சிக்குச் செவிட்டு வேஷம் குடுங்க" என்று கத்துவார்கள். அண்ணாச்சி சிரித்துக்கொண்டு நிற்பார். அவர் புதிதாக ஒரு வித்தை கண்டுபிடித்திருக்கிறார் என்றுதான் நானும் நினைத்தேன். ஒரு புதன்கிழமை, "எப்படிங்கண்ணாச்சி அவ்வளவு சட்டுனு பக்கத்து வார்த்தையைப் பிடிக்கறீங்க?" என்று கேட்டேன். "தானா வருது தம்பி" என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போனேன். பின்பக்கம் வாழைக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். முதுகு என் பக்கம். வேலிக்கு இந்தப் பக்கம் நின்று மூன்று தடவை கூப்பிட்டேன். திரும்பவில்லை. அவர் மனைவி சமையலறையிலிருந்து வந்து என்னைப் பார்த்தார். கீழே குனிந்து ஒரு சின்னக் கல்லை எடுத்து, அவர் காலுக்கு முன்னால் விழும்படி போட்டார். அண்ணாச்சி கல் விழுந்த இடத்தைப் பார்த்தார். உடனே திரும்பினார். அது அந்த வீட்டில் தினமும் நடக்கிற காரியம் என்று பார்த்தவுடன் தெரிந்தது.

அவர் கை கால் கழுவப் போனபோது அந்த அக்கா என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார். "ஒங்களுக்குத் தெரியாதா? கூடவே நிக்கீக. தெரியும்னுல்லா நெனச்சேன்."

"என்னங்கக்கா?"

"எடது காது போயி ரெண்டு வருசமாச்சு. வலது பாதிதான். அவுக அம்மைக்கும் இப்படித்தான், நாப்பதுல ஆரம்பிச்சு அம்பதுல மொத்தமாப் போச்சு. அவுக தாய்மாமாவுக்கும் அதேதான். ஆபீஸ்ல தெரிஞ்சா கவுன்ட்டர்ல வச்சிருக்க மாட்டாகன்னு யாருகிட்டயும் சொல்லலை."

சிட்டு எனக்கு அப்போதுதான் விளங்கியது. டிராக்டரும் விளங்கியது.

"விட்டுருங்கன்னு சொல்லியாச்சு. கேக்கலை. அந்த ஒரு சாயங்காலம்தான் அவுகளுக்கு எல்லாம்" என்றார். "மேடையில அவுக மொகத்தைப் பாத்துப் பேசுங்க தம்பி. வாய் அசையறதப் பாத்தே புரிஞ்சிக்கிடுவாக."

சரிங்கக்கா என்றேன். அதன்படிதான் செய்தேன். மேடையில் எங்கே போனாலும் என் முகம் அவர் பக்கம் இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். வார்த்தையை விழுங்காமல் சொன்னேன். நாலைந்து மாதம் அப்படிப் போனது. ஒரு நாள் சைக்கிளில் வரும்போது அவராகவே சொன்னார். "இப்பல்லாம் என்னையவே பாத்துப் பேசுதியே. பொண்ணு பாக்க வந்தவன் மாதிரி." சொல்லிவிட்டு முன்னால் மிதித்துப் போய்விட்டார். எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை.

காட்சிகள் நன்றாகவே இருந்தன. ஆனால் பழைய சிரிப்பு இல்லை. "என்ன, அண்ணாச்சி இப்பல்லாம் அந்தக் காமெடி பண்றதில்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். பெஞ்சுகள் கொஞ்சம் காலியாயின.

அந்த வருஷம் கிளப்பின் ஆண்டு விழாவில் எங்களுக்கு அரை மணி நேரம் கொடுத்தார்கள். அந்த வாரம் என் அப்பா ஊரிலிருந்து வந்திருந்தார். எனக்கு ஒரு வரன் பார்த்திருந்தார், அதைப் பற்றிப் பேச வந்தவர். நான் மேடை ஏறுகிறேன் என்பது அவருக்குப் பிடிக்காது. கூத்தாடுவதற்கா படிக்க வைத்தோம் என்று ஒரு கடிதத்தில் எழுதியே இருந்தார். வாங்கப்பா, ஒரு தடவை பாருங்கப்பா என்று கெஞ்சிக் கூட்டிப்போனேன். மூன்றாவது வரிசையில், மார்பில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

முதல் காட்சி எடுபடவில்லை. இரண்டாவதில் எங்கள் குழுவில் ஒருவர் பாதியில் திணறி நின்றுவிட்டார். கூட்டத்தில் பேச்சுச் சத்தம் ஆரம்பித்தது. பின்னால் சிலர் எழுந்து டீ குடிக்கப் போனார்கள். அப்பா கட்டிய கையை எடுக்கவில்லை.

மூன்றாவது எங்களுடையது. கல்யாணப் பந்தி. அவர் பரிமாறுகிறவர், நான் சாப்பிடுகிறவன். தரையில் உட்கார்ந்து இலையைத் துடைக்கிற மாதிரி துடைத்தேன். இரண்டு நிமிஷம் ஆகியும் ஒருவரும் சிரிக்கவில்லை. அப்போது தண்ணீர் டம்ளரை எடுப்பதுபோல மறுபக்கம் திரும்பினேன். திரும்பினபடியே, வாய்க்குள், "அப்பளம்" என்றேன்.

வேண்டுமென்றுதான் செய்தேன். இதை எழுதும்போது வேறு மாதிரி எழுத வாய்ப்பு இருக்கிறது. தெரியாமல் நடந்தது, பழக்கத்தில் வந்துவிட்டது என்று எழுதலாம். அப்படி இல்லை. எனக்கு நன்றாகத் தெரிந்துதான் திரும்பினேன்.

"எப்ப வரும்னா?" என்றார் அண்ணாச்சி. "இப்பத்தானவே வந்தீரு. அதுக்குள்ள பஸ்ஸைக் கேக்கீரு?"

கூட்டம் வெடித்தது. டீக்குப் போனவர்கள் வாசலிலேயே நின்று திரும்பிப் பார்த்தார்கள். நான் மறுபடியும் திரும்பினேன், பக்கத்து இலைக்காரரிடம் ஏதோ சொல்கிற மாதிரி. "மோர் இருக்குதுங்களா?"

"நான் யாருன்னா கேக்கீரு? பொண்ணுக்குத் தாய்மாமன்வே."

அப்பாவின் தோள் குலுங்குவது தெரிந்தது. அவர் சிரித்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆகியிருந்தது. நான் கையை வாயில் வைத்து ஏப்பத்தை மறைப்பதுபோல மறைத்துக்கொண்டேன். "இலையை எடுக்கலாமுங்களா?"

"வெலையா? கல்யாணச் சாப்பாட்டுக்கு வெலை கேட்ட மொத ஆளு நீருதான்வே."

நான் கையை எடுக்காமல் இன்னும் ஏதோ முணுமுணுத்தேன். இப்போது வார்த்தை கூட இல்லை, வெறும் சத்தம். அண்ணாச்சி குனிந்து என்னைப் பார்த்தார். என் வாய்மேல் இருந்த கையைப் பார்த்தார். அந்தக் கை அங்கே எதற்கு இருக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அது அவர் முகத்தில் தெரிந்தது. பிறகு பரிமாறுகிற வாளியைக் கீழே வைப்பதுபோல வைத்தார். என் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்தார். தன் காதை என் வாய்க்கு நேராகக் கொண்டுவந்தார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லு தம்பி. எனக்குக் காது கேக்காது."

பந்திக்காரர் குரலில் அவர் அதைச் சொல்லவில்லை. தன் சொந்தக் குரலில், பொறுமையாக, வீட்டில் சொல்வது போலச் சொன்னார். அன்றைக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய சிரிப்பு அதற்குத்தான் வந்தது. கைதட்டலும் விசிலுமாக நிற்கவே இல்லை. நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொள் என்றுதானே கற்றுக்கொண்டோம். அவர் காது என் உதட்டுக்கு நாலு விரற்கடை தூரத்தில் இருந்தது. கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு அவரே எழுந்து, "மாப்பிள்ளைக்கு வயிறு நெறஞ்சிட்டு, பேச்சு வரலை" என்று கூட்டத்தைப் பார்த்துச் சொல்லி, வாளியைத் தூக்கிக்கொண்டு போனார். காட்சி அப்படி முடிந்தது.

பின்னறையில் முகத்துப் பவுடரைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் எதிரே நின்றேன்.

"நல்லா வந்துச்சுல்லா" என்றார்.

"அண்ணாச்சி…"

"மொகத்தைத் திருப்பிக்கிட்டா எனக்குத் தெரியாது தம்பி. அதான் கேட்டேன்." துண்டை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். "ஒங்கப்பா வந்திருக்காருல்லா. போ, காத்துக்கிட்டு இருப்பாரு."

அப்பா வழியெல்லாம் பேசிக்கொண்டு வந்தார். நான் மேடை ஏறுவதைப் பற்றி அதற்குப் பிறகு அவர் குறை சொல்லவில்லை. குவார்ட்டர்ஸ் வாசலில் சைக்கிளை நிறுத்தும்போது சொன்னார். "அந்தக் காது கேக்காதவரா நடிச்சவரு இருக்காரே, அவரு பெரிய ஆளப்பா. நெசமாலுமே கேக்காதவன் மூஞ்சி எப்படி இருக்குமோ அப்படியே வெச்சிருந்தாரு." நான் ஆமாங்கப்பா என்றேன்.

அடுத்த புதன்கிழமை அண்ணாச்சி வரவில்லை. அதற்கடுத்ததும் வரவில்லை. ஆனால் மேடை அவரை விடவில்லை. ஆண்டு விழாவில் ஊரே அந்தக் காட்சியைப் பார்த்திருந்தது. 'எனக்குக் காது கேக்காது' என்பது எங்கள் நகரியத்தில் ஒரு வேடிக்கைப் பேச்சாகிவிட்டது. கேன்டீனில் டோக்கன் கேட்டால் அப்படிச் சொல்வார்கள். சிறுபிள்ளைகள் தெருவில் சொல்லி விளையாடினார்கள். ஸ்டோர்ஸ் கவுன்ட்டருக்கு வருகிறவர்கள் வேண்டுமென்றே முகத்தைத் திருப்பிக்கொண்டு முணுமுணுப்பார்கள். அவர் என்ன பதில் சொல்கிறார் என்று பார்க்க. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. அவர் மேல் இருந்த பிரியத்தில் செய்தார்கள். அவரும் காதில் கையை வைத்து ஏதாவது சொல்லிச் சிரிக்க வைத்து அனுப்புவார். ஒரு நாள் ஒரு டிராயிங் கொடுக்க நான் அந்தப் பக்கம் போனபோது இதைப் பார்த்தேன். வரிசையில் ஆறு பேர் நின்றார்கள். ஆறு பேரும் முணுமுணுத்தார்கள். ஆறு பேருக்கும் அவர் பதில் சொன்னார். கடைசி ஆள் போனபின் கவுன்ட்டர் பலகையில் இரண்டு கையையும் ஊன்றித் தலையைக் குனிந்துகொண்டார். நான் டிராயிங்கைப் பியூனிடம் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

சிட்டு எழுதுகிற பழக்கமும் அந்த விளையாட்டில் போய்விட்டது. ஒரு நாள் ஒருவர் வாயால் கேட்டதை இவர் வேறாக எடுத்துக்கொண்டு தவறான பேரிங்கைக் கொடுத்துவிட்டார். பெரிய சேதம் ஒன்றும் இல்லை. மாட்டுவதற்கு முன்பே பார்த்துவிட்டார்கள். மேலதிகாரி கூப்பிட்டுக் கேட்டபோது அண்ணாச்சி எதையும் மறைக்கவில்லை. தானே ஆஸ்பத்திரிக்குப் போய் காதைச் சோதித்துக்கொண்டு தாளை வாங்கிவந்து மேஜையில் வைத்தார். வேலைக்கு ஆபத்து வரவில்லை. கவுன்ட்டரிலிருந்து எடுத்து, உள்ளே பழைய பதிவேடுகள் இருக்கிற அறைக்கு மாற்றினார்கள்.

செய்தி இரண்டு நாளில் எல்லா பிளாக்குக்கும் போய்விட்டது. அதோடு அந்த வேடிக்கைப் பேச்சு நின்றது. ஒருவர் கூடச் சொல்லவில்லை. முணுமுணுத்தவர்கள் அவரைப் பார்த்தால் வேறு பக்கம் போனார்கள். சிலர் வீட்டுக்கே போய், தெரியாமல் செய்துவிட்டோம் என்று உரக்கச் சொன்னார்களாம். "அதுக்கு ஏன் கத்துதீக" என்று கேட்டு, காபி கொடுத்து அனுப்பினாராம்.

என்னால் அப்படிப் போக முடியவில்லை. அவர்கள் தெரியாமல் செய்தவர்கள்.

ஒரு மாதம் கழித்துப் போனேன். கடலூரில் வாங்கிய காது மெஷின் போட்டிருந்தார். சட்டைப்பையில் தீப்பெட்டியைவிடப் பெரிதாக ஒரு பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். "எல்லாச் சத்தமும் சேந்து வருது தம்பி. மனுசன் பேச்சைத் தவிர மத்ததெல்லாம் நல்லாக் கேக்குது" என்று சொல்லி அதை அணைத்துவிட்டார். நான் ஒரு தாளில் எழுதி எடுத்துப் போயிருந்தேன். அன்றைக்கு அப்பளம் என்று சொன்னபோது நான் தெரிந்தேதான் திரும்பினேன், அப்பா சிரிக்கவேண்டும் என்று செய்தேன், என்னை மன்னிக்கவேண்டும் என்று ஒரு பக்கம். அதைக் கொடுத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"தெரிஞ்சுதான் செஞ்சேன்னு எழுதியிருக்க" என்றார்.

தலையாட்டினேன்.

"எனக்கும் தெரியும். மொதத் தடவையே தெரியும். அப்பளம்னு நீ சொன்னது எனக்குத் தெரியாது, ஆனா திரும்புனது தெரிஞ்சுது." தாளை மடித்தார். "சனங்க சிரிச்சாங்கல்லா. நானும்தான் விட்டேன். மூணு தடவையும் விட்டேன். நாலாவது தடவை முடியலை, தம்பி."

அவர் மனைவி காபி கொண்டுவந்தார். என் பக்கத்தில் டம்ளரை வைத்துவிட்டு உள்ளே போனார். அவர் என்னிடம் ஒரே ஒரு காரியம்தான் கேட்டிருந்தார். அதன்பிறகு எத்தனையோ தடவை அந்த வீட்டுக்குப் போயிருக்கிறேன். வாங்க என்பார், சாப்பிட்டீங்களா என்பார். பழையபடி பேசியதில்லை.

அண்ணாச்சி இல்லாமல் நாடகம் இரண்டு மாதம் நடந்தது. எனக்கு வேறொருவரை ஜோடியாகப் போட்டார்கள். கெட்டிக்காரர், வேகமாகப் பேசுவார். அவர் சொல்வது என் காதில் விழும். ஆனால் நான் அதைக் கேட்பதில்லை. அடுத்து என்ன சொல்வது என்றே மனம் ஓடிக்கொண்டிருக்கும். நடுவில் வாட்ச்மேன் ஒரு நாள், "அண்ணாச்சி இல்லாம நல்லா இல்ல சார், நெஜத்தைச் சொல்றேன்" என்றார். நானும் நின்றுவிட்டேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக ஷிப்ட், பிள்ளைகள் படிப்பு என்று கழன்றுகொண்டார்கள். பின்னறையில் டேபிள் டென்னிஸ் மேஜை போட்டார்கள்.

எண்பதுகளின் நடுவில், அவருக்கு ஐம்பது ஆவதற்கு முன்பே, அண்ணாச்சி விருப்ப ஓய்வு எழுதிக்கொடுத்துவிட்டு ஊருக்குப் போனார். அதற்குள் வலது காதும் முழுதாகப் போயிருந்தது. லாரியில் சாமான் ஏற்ற நானும் போனேன். என் மனைவி புளிச்சோறு கட்டிக்கொடுத்திருந்தாள். அப்பா பார்த்த அந்த வரன்தான் அவள். அண்ணாச்சி பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்துவிட்டு, நல்லா இருக்கு என்று கையால் காட்டினார். பேச்சையும் அவர் குறைத்துக்கொண்டிருந்தார். தன் குரல் எவ்வளவு உரக்க வருகிறது என்று தெரியாததால் கூச்சமாக இருக்கிறது என்று ஒரு முறை எழுதிக்காட்டியிருந்தார்.

போன பிறகு ஒரு கடிதம் வந்தது. நாலு ஆடு வாங்கியிருக்கிறார். கிணற்றில் தண்ணீர் இருக்கிறது. மூத்த பெண்ணுக்குச் சங்கரன்கோவிலில் இடம் பார்த்திருக்கிறது, பையன் டீச்சர். இவ்வளவுதான் எழுதியிருந்தார். நாடகம் பற்றி ஒரு வரி இல்லை. நானும் பதில் எழுதினேன். குழந்தை பிறந்ததை எழுதினேன். இரண்டாவது மைன்ஸ் வேலை நடப்பதை எழுதினேன். கல்யாணத்துக்குக் கட்டாயம் வருவேன் என்றும் எழுதினேன். பத்திரிகை வந்தது, ஆனால் அந்த வாரம் குழந்தைக்கு அம்மை போட்டிருந்தது. போக முடியவில்லை.